கடை வேனில் வந்த கரண்ட்

கிரேன்காரர் மறுபடியும் ரிமோட்டை அமுக்கினார். டெலஸ்கோப் உறுமிக்கொண்டு பாதி வட்டம் திரும்பியது. அத்தோடு செத்துப்போனது. ரிமோட்டில் வெளிச்சம் அணைந்தது, மறுபடி எரிந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தது. இன்றைக்கு என்ன தேதி? மணி என்ன? எந்த ஊர்?

"இப்பதானேடா சொன்னேன்?" என்று அதைத் திட்டினார். "வயசு எனக்கா உனக்கா?"

வாசல் நிலையில் சாய்ந்து மகன் பார்த்துக்கொண்டிருந்தான். "விடுங்கப்பா. கடையில சொல்லிட்டேன். சாயந்தரம் வேன் வரும், எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"ஓடாத சாமானைத் திருப்பிக் கொடுக்க யாரைக் கேக்கணும்? நிலாதானே பாக்கணும்? போன்ல தெளிவா இருக்கு, பாருங்க."

"உன் போன்ல இருக்கிறது எவனோ பார்த்த நிலா. நான் பாக்க வேண்டாமா?"

கிரேன் ஓட்டிய காலத்தில் லாரி நீளத்துக்கு இரும்பைத் தூக்கி, தொட்டிலில் குழந்தையைப் போடுகிற மாதிரி இறக்கி வைத்த கை அவருடையது. இப்போது தேநீர் தம்ளரைத் தூக்கினால் பாதி சட்டைக்குப் போகிறது. முதலில் ஒரு சாதாரண டெலஸ்கோப் வாங்கிப் பார்த்தார். கை பட்டதும் நிலா பயந்த எலி மாதிரி ஓடியது. மோட்டார் வைத்தது என்றால் ஒரு தடவை நிலாவைப் பிடித்தால் போதும், கை படாமல் அதுவே துரத்திக்கொண்டு போகும் என்றார்கள். அதனால்தான் இதை வாங்கியது. இதுவும் போய்விட்டால் இனி எதையும் கிட்டத்தில் பார்க்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அதை வீட்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் பாவம் என்பார்கள். அந்த வார்த்தை அவருக்கு ஆகாது.

முன்பே ஒரு தடவை மகன் கடைக்குப் போன் போட்டுக் கேட்டபோது அங்கிருந்த மெக்கானிக், "பெரியவருக்குக் கை நடுங்குமாமே, அதுல வயர் லூசாயிருக்கும்" என்றிருந்தான். அன்றிலிருந்து கிரேன்காரர் டெலஸ்கோப்பைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

மகனும் சும்மா இருக்கவில்லைதான். இன்டர்நெட் பெட்டியின் அடாப்டரைக் கழற்றி வந்து சொருகிப் பார்த்தான். விளக்கு எரிந்தது. மோட்டார் நாலு முக்கு முக்கிவிட்டு நின்றது. "பேட்டரியிலயும் ஓடல, கரண்ட்லயும் ஓடல. அப்ப மோட்டார்தான் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருக்கிற பேச்சைத்தான் கிரேன்காரர் நம்ப மாட்டார்.

"பேட்டரி மாத்தி எத்தனை நாளாச்சு?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"காலையிலதான் மாத்துனேன்" என்றாள் மனைவி.

"எட்டும் புதுசா?"

"எட்டும் எதுக்கு? நாலு புதுசு, நாலு டப்பாவுல இருந்தது. அதுல இன்னும் உசுரு இருக்கு."

கிரேன்காரர் எழுந்து போனார். அலமாரியில் பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பேட்டரி. கடிகாரத்திலிருந்து, டார்ச்சிலிருந்து, ரேடியோவிலிருந்து கழற்றியவை. இந்த வீட்டில் பேட்டரியை ஒருபோதும் மொத்தமாக மாற்றியதில்லை. பாதி புதுசு, பாதி பழசு.

"இது எந்தப் புத்திசாலி போட்ட சட்டம்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணமான புதுசுல நீங்கதான் போட்டீங்க. 'எல்லாத்தையும் மாத்துன்னு சொல்றவன் பேட்டரி விக்கிறவன், பாதியை மட்டும் மாத்து'ன்னு. நான் இன்னிக்கு வரைக்கும் மீறல."

கிரேன்காரர் டப்பாவைப் படக்கென்று மூடினார். "அது டார்ச்சுக்குச் சொன்னதுடி" என்றார். "சங்கிலியில நாலு கண்ணி தேஞ்சிருந்தா, மத்த நாலு புதுசா இருந்து என்ன பிரயோஜனம்? பாரம் ஏறினதும் விட்டுடும். மோட்டார் நல்லாத்தான் இருக்கு. அதுக்குச் சோறுதான் பத்தல. அந்த அடாப்டரும் அப்படித்தான், விளக்குக்குப் போதும், மோட்டாருக்குப் பத்தாது."

"அப்ப உங்க சட்டம் தப்புன்னு ஒத்துக்கிறீங்க."

"எட்டு புது பேட்டரி குடு. அப்புறம் ஒத்துக்கிறதைப் பத்திப் பேசலாம்."

உள்ளே போட்ட நாலைத் தவிர வீட்டில் வேறு புதுசு இல்லை. கடைக்கு ஓட அவர் செருப்பைத் தேடும்போதே வாசலில் ஹாரன் கேட்டது. வேன் வந்துவிட்டது. வந்தவன் அதே மெக்கானிக். மகன் கையெழுத்துப் போட பேனாவை வாங்கினான்.

"எடுத்த பேனாவை அப்படியே வை" என்றார் கிரேன்காரர்.

"பெரியவரே, எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணும்" என்றான் மெக்கானிக்.

கிரேன்காரர் அவனைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த வேன் கதவு வழியே உள்ளே பார்த்தார். சிகரெட் பற்றவைக்கிற துளையில் ஒரு தடித்த முளையைச் சொருகிப் போனை சார்ஜ் போட்டிருந்தான். அதே மாதிரி முளை வைத்த வயர் ஒன்று டெலஸ்கோப் பெட்டிக்குள் பிரிக்காத பாலிதீனில் கிடந்தது. என்னவென்று தெரியாமல் எல்லாரும் ஒதுக்கிவைத்த வயர்.

"டேய், அந்தக் கறுப்பு வயரை எடு. அப்படியே டெலஸ்கோப்பைத் தெருவுக்குத் தூக்கிட்டு வா."

"அப்பா, தெருவுல எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கத்தானே வாங்கினது."

மெக்கானிக் குறுக்கே வந்தான். "என் வண்டி பேட்டரி இறங்கிடும் சார்."

"இறங்கினா நானே தள்ளி விடுறேன். கை நடுங்கும்னுதானே சொன்னே, தோளு நடுங்கும்னு சொல்லலியே?"

மகன் சிரித்துவிட்டான். சிரித்தவன் டெலஸ்கோப்பை முக்காலியோடு தூக்காமல் இருக்க முடியாது. வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். போன் வெளியே வந்தது, முளை உள்ளே போனது. மறுபடியும் தேதி கேட்டது, மணி கேட்டது. மகன் பதில் கொடுத்து, நிலா என்று அமுக்கினான். மோட்டார் உறுமியது. பாதி வட்டம் வந்தது. பாதியைத் தாண்டியது, முழுசாகத் திரும்பியது, எதிர் மாடிக்கு மேலே வெளுத்து நின்ற அரை நிலாவைப் பார்த்து நின்றது. ரிமோட் அணையவில்லை.

கிரேன்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். நிலா கண் நிறைய வந்தது. விளிம்பெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி. ஒவ்வொரு குழிக்குள்ளும் நிழல். பின்னால் கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நிலா ஆடவில்லை. ஓடவுமில்லை.

"சார், அப்ப ரிட்டர்ன்?"

"என் மகன்தானே கூப்பிட்டான்? வேணும்னா அவனை ஏத்திட்டுப் போ."

"வண்டியையாவது எடுக்க விடுங்க."

"எப்படி எடுப்பே? என் நிலாவை உன் வண்டியிலதானே கட்டிப்போட்டிருக்கு? போய் எட்டு புது பேட்டரி வாங்கிட்டு வா, அவுத்து விடுறேன். எட்டும் புதுசு."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்தான். மகன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றான். "அப்பா, நானும் ஒரு தடவை..."

"கண்ணை எடுத்தா கூப்பிடறேன்" என்றார் கிரேன்காரர். எடுக்கவில்லை.