இரண்டு இடத்தில் ஒரு வீரக்கல்

குழியில் கல் இல்லை. மழைத் தண்ணீர்தான் இருந்தது.

சேதுலட்சுமி குச்சியால் துழாவிப் பார்த்தாள். மாசியில் வாலிநோக்கம் உப்பளத்தில் இதே கரையில் நின்றுதான் அந்த வீரக்கல்லைப் படம் எடுத்தாள். ஓங்கிய வாளோடு இடுப்பளவு உயரத்தில் ஒரு வீரன். பழங்காலக் கற்களையும் கோயில்களையும் வலைத்தளத்தில் பதிந்து வைக்கும் மதுரைத் திட்டமொன்றில் அவளுக்குக் களப்பணி. படம், அளவு, ஜி.பி.எஸ். புள்ளி எல்லாம் அவள் ஏற்றியவை.

இன்று காலை திட்டத் தலைவரிடமிருந்து மின்னஞ்சல். கீழக்கரை மாணவன் வாவு முகம்மது போன வாரம் அதே கல்லை ஏற்றியிருக்கிறான். இடம் மட்டும் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. ‘இரண்டில் ஒன்று பொய். மாலை ஐந்துக்குள் நிரூபிக்கவும். பொய் உங்களுடையது என்றால் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்.’

உப்பு வாரும் முருகம்மாள் கையில் அரளிப்பூவோடு வந்தாள்.

“யக்கா, இங்கன இருந்த சாமி எங்க?”

“எங்க போவாரு? இங்கனதான இருக்காரு!” பூவைத் தண்ணீரில் போட்டுக் கும்பிட்டாள்.

“வெறும் தண்ணிதான இருக்கு?”

“ஏத்தா, சாப்பிடாம வந்தியோ? கண்ணு இருட்டுதா?”

கேலியா? யாராவது மிரட்டி வைத்திருக்கிறார்களா? சிலை கடத்தும் கும்பலா? சேதுலட்சுமி வாவு முகம்மதுவின் பதிவில் இருந்த எண்ணை செல்லில் அழைத்தாள்.

“எனக்கும் மெயில் வந்துச்சு. அல்லா மேல சத்தியமாக்கா, கண்ணால பார்த்துத்தான் எடுத்தேன். வேணும்னா என் பதிவை அழிச்சிடறேன். எனக்கு இது காலேஜ் ப்ராஜெக்ட். உங்களுக்குச் சோறு.”

சரி என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் கல் எங்கே? அவன் குறித்த புள்ளிக்கு ஓடினாள்.

கருவேலங்காட்டு மேட்டில் கல் நின்றது! அதே வாள், அதே வீரன். உப்பளக் கங்காணி கூத்தையா அதன் தலையில் ஈரத் துண்டைக் காயப்போட்டு, அதிலேயே சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

“அய்யா! சாமி மேல துண்டு போட்டிருக்கீகளே!”

“சாமியா? இது கல்லுத்தா. சாமி அங்கன உப்பளத்துல இருக்காரு.”

அவள் உப்பளப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கூத்தையா சிரித்தார்.

“ஐப்பசி மழையில பாத்தி முங்கும், கல்லு புதைஞ்சிரும். அதான் கல்லை மட்டும் தூக்கியாந்துருவோம். தை பொறந்தா திரும்பப் போகும். அவரு இடத்த விட்டு அசைய மாட்டாரு.”

“முருகம்மாக்கா இதைச் சொல்லிருக்கலாம்ல?”

“குழிகிட்ட நின்னு ‘இல்லை’ன்னு யாரும் சொல்லக்கூடாது. சொன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிருவாரு.”

கீழக்கரை பிரவுசிங் சென்டரில் அவள் உட்கார்ந்தபோது மணி நாலே முக்கால். படிவத்தில் இடத்துக்கு ஒரே ஒரு கட்டம். நிலை? ‘அதே இடத்தில்’, ‘இடம்பெயர்ந்தது’, ‘காணவில்லை’. எதைத் தொட்டாலும் பாதி பொய்.

வாவு முகம்மது அழைத்தான். “அக்கா, அழிச்சிடவா?”

ஒரு சொல் போதும், வேலை பிழைத்துவிடும். ஆனால் அடுத்த மழையில் யாராவது வந்து குழியைப் பார்த்தால் கல் தொலைந்தது என்றுதானே எழுதுவார்கள்?

“அழிச்சிராத தம்பி. ரெண்டும் நெசம்.”

நிலையைத் தொடாமல், குறிப்பில் நடந்ததை அப்படியே தட்டி, பூ மிதக்கும் குழியின் படத்தையும் துண்டு போட்ட கல்லின் படத்தையும் ஏற்றி அனுப்பினாள். ஐந்து அடிக்க இரண்டு நிமிடம்.

ஐந்தே காலுக்குத் திட்டத் தலைவர் பேசினார். “ஏம்மா, நாம பதியறது கல்லையா, சாமியையா?”

“தெரியல சார். ஆனா ரெண்டுல எதையும் எடுத்துராதீங்க.”



“எனக்கும் ஒண்ணும் விளங்கல. நாளைக்கு வேலைக்கு வா. அந்தப் பையனையும் கூட்டிட்டு வா. ரெண்டு புள்ளி வைக்கிற மாதிரி படிவத்தை எப்படி மாத்தறதுன்னு உட்கார்ந்து பேசுவோம்.”