சைபருக்கு மேல் பத்து

ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம் ஊரில் எல்லார் கரும்பையும் வெட்டியாயிற்று, என்னுடையதைத் தவிர. கிருமாம்பாக்கத்தில் உலகநாதனிடம் குத்தகைக்குப் பிடித்த நிலம். கரும்பை விற்றுக் குத்தகையைக் கட்டாவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷன்.

புது ரகம் போடு, டன் டன்னாகக் கொட்டும் என்று ஆலைக்காரர்கள்தான் விதைக்கரணை கொடுத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் அதை நட்ட புத்திசாலி நான் ஒருவன்தான். மாசி பாதி போயும் கரும்பை வெட்டி அனுப்பச் சொல்லி ஆலையிலிருந்து வரவேண்டிய கட்டிங் ஆர்டர் வரவில்லை. ஆலைக் குமாஸ்தா நாகராஜனைப் போய்ப் பிடித்தேன்.

"உன் ரகத்துக்கு விலைப் பட்டியல்ல ஒண்ணும் போடல மாரிமுத்து. காலியா கீது. விலை இல்லாத ரகத்த மிஷின் ஆர்டர்ல எடுக்காதுபா."

"மத்தவங்களுக்கு மட்டும் எப்படி எடுக்குது?"

"அவங்க ரகத்துக்குப் போன வருஷ விலை இருக்குது. உன்னுது புதுசு. இந்த வருஷ விலைப் பேச்சுவார்த்தை முடியற வரைக்கும் டன்னுக்கு நூறுன்னு போட்டு வெக்கட்டுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேசி முடிக்காமல் விலையை எழுத விடுவதில்லை என்பது எங்கள் விவசாயிகளின் பிடிவாதம். எழுதிவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. கூட்டத்தில் அதற்காகத் தொண்டை கிழியக் கத்தியவனே நான்தான். "ஒண்ணும் எழுதாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு விறைப்பாகத் திரும்பி வந்தேன்.

பங்குனியில் கரும்பு பூ விட்டது. என் மனைவி கஸ்தூரி ஒரு கழியை ஒடித்து வந்து என் முன்னால் போட்டாள். உள்ளே வெறும் சக்கை.

"உன் ரோஷத்த வெட்டியா குத்தகை கட்டப்போற? போய் இன்னாவாவது எழுதச் சொல்லு."

வழியெல்லாம் யோசித்தேன். நூறு என்றால் ஒப்புக்கொண்டதாகிவிடும். சைபர் என்றால்? சைபருக்குக் கரும்பு விற்க எந்த மடையனும் ஒப்புக்கொள்ள மாட்டான். ஆகவே அதுவும் காலியும் ஒன்றுதான். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். "சைபர் போடுங்க சார்" என்றேன். நாகராஜன் போட்டார். மறுவாரமே ஆர்டர் வந்தது. காய்ந்தது போக மிச்சத்தை ஏற்றி அனுப்பினேன். பணம் வரும்வரை பொறுக்கிறேன் என்றார் உலகநாதன்.

சித்திரையில் விலை முடிவாயிற்று. பட்டியலில் உள்ள விலைக்கு மேல் நூற்றுக்குப் பத்து. விலை போடாத ரகத்துக்கு, இருப்பதிலேயே உயர்ந்த விலை. பக்கத்துப் பாகூரில் விவசாயிகள் வெடி வெடித்தார்கள். நானும் கைதட்டினேன்.

எனக்கு வந்த பில்லில் சைபர் இருந்தது. பதறிப்போய் நாகராஜனிடம் ஓடினேன்.

"காலியா இருந்தா புது விலை தானா ஏறியிருக்கும். உன்னுதுலதான் ஒரு விலை இருக்குதே. சைபருக்கு மேல பத்து பர்சென்ட் ஏத்துனாலும் சைபர்தான்பா."

"மாத்துங்க சார், கால்ல விழறேன்."

"மேல எழுதிப் பாக்கறேன்" என்றார். எழுதினார். பதிலே வரவில்லை.

வைகாசியில் உலகநாதன் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டார். வெட்டிய கட்டையெல்லாம் பச்சையாகத் துளிர்த்திருந்தது. அதை அந்த ஆள் உழுது புரட்டுவதை நானும் கஸ்தூரியும் ரோட்டோரம் நின்று பார்த்தோம்.

"நூறு போட்டிருந்தா நூத்திப்பத்து வந்திருக்கும், இல்ல?" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.