முதல் மூட்டைக்குப் பெயர் லாபம்

தா.பழூர்ப் பக்கம் ஓர் உழவர் குழுவின் நெல் கிடங்கு. அங்கே ஒன்று என்ற எண்ணுக்கு மட்டும் இடம் கிடையாது. நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். குழுத் தலைவர் செல்லமுத்து அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். டீக்கடையில் 'லாபம் டீ' என்று கேட்காததுதான் பாக்கி.

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு நர்மதா இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எக்செல் என்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் நாளே, முதல் மூட்டைக்கு நேரே 1 என்று அடித்தாள். எட்டிப் பார்த்த தலைவர் நெருப்பை மிதித்தவர் மாதிரி குதித்தார்.

"என்ன பாப்பா, ஒண்ணுன்னு போட்டுட்ட? அப்பறம் ஒண்ணோட நின்னுடும்மா. லாபம்னு போடு."

போட்டாள். சம்பளம் கொடுக்கிறவர் பேச்சைத் தட்ட முடியுமா? உறுப்பினர் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் லாபம், 2, 3 என்று இறங்கியது வரிசை. கடைசியில் எத்தனை மூட்டை என்று கம்ப்யூட்டரே எண்ணிச் சீட்டு அடித்துக் கொடுத்தது.

இருப்புப் பார்த்த அன்று கம்ப்யூட்டர் 412 என்றது. கிடங்கிலோ 423 மூட்டை. சுமை தூக்கும் பூமாலை மூன்று தரம் எண்ணியும் பதினொன்று கூடுதல். குறைந்திருந்தால் யாரையாவது திட்டலாம். கூடியிருந்தால் யாரைத் திட்டுவது? செல்லமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா பூமாலை! வாயார லாபம்னு சொன்னோம், ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. பதினோரு மூட்டையும் அவளுக்கே. வெள்ளிக்கிழம ஊருக்கே சோறு!"

கோயில் மைக்கில் அறிவிப்பும் போய்விட்டது. ஆளுக்கு இத்தனை என்று கம்ப்யூட்டர் சொன்ன மூட்டைகளைக் கிடங்கிலேயே வைத்துவிட்டு, மிச்சத்தை டிராக்டரில் ஏற்றினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கலியம்மாள் சீட்டோடு வந்தாள். அறுப்புக் கூலியாகச் சேர்த்த நெல்லை ஒரே ஒரு மூட்டையாகக் கட்டிக் கிடங்கில் போட்டிருந்தாள். ஆடி வரைக்கும் அவள் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் இருந்தது.

"என்னம்மா, எஞ் சீட்டுல முட்டை போட்டிருக்க?"

நர்மதா திரையைப் பார்த்தாள். கலியம்மாள் பெயருக்குக் கீழே லாபம். அதற்குக் கீழே மொத்தம் 0. கம்ப்யூட்டர் எண்ணைத்தானே எண்ணும், எழுத்தையா எண்ணும்? உறுப்பினர் பதினொரு பேர். ஆளுக்கு ஒரு மூட்டை. எல்லோருக்கும் ஒன்று குறைந்தது. கலியம்மாளுக்கு மட்டும் உள்ளதே போயிற்று.

எண் வேறு, திரையில் அது காட்டும் முகம் வேறு என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. லாபத்தை எல்லாம் அழித்து 1 போட்டாள். எண்ணின் தோற்றத்தை மாற்றும் பெட்டியைத் திறந்து, [=1]"லாபம்";0 என்று அடித்தாள். ஒன்று எங்கே வந்தாலும் லாபம் என்று காட்டச் சொல்லும் கட்டளை அது. திரையில் மறுபடியும் லாபமே வந்து நின்றது. ஆனால் மொத்தம் 423. ஆத்தா திறந்த கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலில் டிராக்டருக்கு முன்னால் செல்லமுத்து கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். நர்மதா ஓடினாள்.

"ஐயா, அது ஆத்தா குடுத்தது இல்லீங்க. நம்ம ஆளுங்க மூட்டைங்க. நான் லாபம்னு எழுத்துல அடிச்சுட்டேன், கம்ப்யூட்டர் அத எண்ணாம வுட்டுடுச்சு. இப்ப சரி பண்ணிட்டேன். வெளிய லாபம்னு தெரியும், உள்ள ஒண்ணு இருக்கும்."

"மைக்குல சொல்லியாச்சே பாப்பா..." அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"என்னை வேலைய வுட்டு நிறுத்துறதுன்னாலும் நிறுத்துங்க. முதல்ல டிராக்டர நிறுத்துங்க."

கற்பூரம் எரிந்து அடங்கியதும் அவர் டிராக்டர் பக்கம் திரும்பினார். பிறகு, "எறக்கு பூமாலை" என்றார். "உன்ன எதுக்கு நிறுத்துறது பாப்பா? உள்ள போய்ச் சீட்டெல்லாம் மாத்தி அடி. நாளைக்கும் நேரத்தோட வா."

முதலில் கலியம்மாளின் மூட்டை இறங்கியது. நர்மதா அவளுக்குப் புதுச் சீட்டு அடித்துக் கொடுத்தாள். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பினாள். மொத்தம் போடும் இடத்திலும் லாபம் என்றே விழுந்திருந்தது.

"எனக்கு எழுத்து தெரியாது தலைவரே, எண்ணு தெரியும். முன்ன முட்டையாச்சும் இருந்துது. இப்ப அதையும் காணோமே?"

"லாபம்னு போட்டிருக்கு கலியம்மா."

"லாபமெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. எம் மூட்டை எத்தன இருக்கு, அதச் சொல்லுங்க."

பூமாலை தோளில் இருந்த மூட்டையோடு அப்படியே நின்றார். செல்லமுத்து கோயில் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணு," என்றார். "உன்னுது ஒண்ணு. முழுசா இருக்கு கலியம்மா."