கடையில் வாங்கிய ஆறு ஹெல்மெட்டுகள்

…பாலம் என்கிறார், மறுபடியும் பாலம், பல்கலைக்கழகத்துக்கும் தொழில்துறைக்கும் நடுவே இன்று ஒரு பாலம் திறக்கப்படுகிறதாம், துணைவேந்தர் இந்த வருடத்தில் மட்டும் திறக்கும் பதினேழாவது பாலம், கீழே ஆறு ஓடுகிறதா, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு யாராவது போனார்களா என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை, பார்க்கத் தேவையுமில்லை, பாலத்தின் நடுவில் நின்று கைகுலுக்கிப் படம் எடுத்தாயிற்றென்றால் வேலை முடிந்தது. மேடையில் இடமிருந்து நான்காவது நாற்காலி எனக்கு. முன்னால் பெயர்ப்பலகை, தண்ணீர் பாட்டில், நீல உறை போட்ட கோப்பு, கோப்புக்குள் என் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஒரு தாள். இவர் பேசி முடித்ததும் அதைத் திறப்பார்கள், நான் பேனாவை எடுப்பேன், அத்தோடு இந்தக் கம்பெனியின் ஹெல்மெட் பெட்டி ஒவ்வொன்றிலும் ‘பல்கலைக்கழக ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது’ என்று என் பெயரோடு அச்சாகும்… பேசட்டும், இன்னும் கொஞ்சம் பேசட்டும், இவர் பேச்சு நீளாதா என்று இந்த உத்தியோகத்தில் முதல் முறையாக ஏங்குகிறேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன்.

என் ஆய்வு மாணவி, முப்பத்திரண்டு வயது, ஒரு குழந்தைக்குத் தாய், லேபில் அவளுக்கு ‘ஏன் மேடம்’ என்றே பெயர், எதைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். கேள்வி கேட்கும் மாணவர்கள்தான் நாட்டுக்குத் தேவை என்று கருத்தரங்குக்குக் கருத்தரங்கு நானும் முழங்கியிருக்கிறேன், அப்படி ஒருத்தி கிடைத்தபோது தலைவலி மாத்திரையைத் தேடினேன். எங்கள் வேலை எளிது, ஓர் உலோகத் தலைக்கு ஹெல்மெட்டை மாட்டி, உயரத்திலிருந்து இரும்புக் கட்டையின் மேல் விழவைத்து, உள்ளே எவ்வளவு அதிர்ச்சி இறங்குகிறது என்று அளப்பது. எந்திரம் கம்பெனி கொடுத்தது, ஹெல்மெட்டும் கம்பெனி அனுப்புவது, ஒவ்வொன்றும் வெள்ளைப் பெட்டியில், பஞ்சுக்குள் பொதிந்து, பிறந்த குழந்தையை அனுப்புகிற மாதிரி. இரண்டு வருடம், நூற்று இருபது ஹெல்மெட், ஒன்றுகூடத் தவறவில்லை. ஒன்றுகூடத் தவறாததே என் தூக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டும், கெடுக்கவில்லை, அறிக்கையின் அடியில் ஒரு வரி போட்டுவைத்திருந்தேன் அல்லவா, ‘இம்முடிவுகள் எங்களிடம் அளிக்கப்பட்ட மாதிரிகளுக்கு மட்டுமே பொருந்தும்’, சிறிய எழுத்தில், அந்த வரிதான் என் தலையணை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய பையோடு என் அறைக்கு வந்தாள், மேசை மேலிருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள், ஆறு ஹெல்மெட்.

“என்னம்மா இது?”

“அதே மாடல் மேடம். நாலு கடையில வாங்கினேன். சும்மா போட்டுப் பார்க்கலாம்னு.”

போட்டே பார்த்திருந்தாள். ஆறில் நான்கு பிளந்திருந்தன, ஒன்று நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும், வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி. எங்களுக்கு வருவதில் உள்ளே தெர்மாகோல் கட்டைவிரல் பருமன் இருக்கும், இதில் பிஸ்கட் பருமன். அவள் பிளவில் விரலை விட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள், பேராசிரியர் என்றால் ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும், சொன்னேன். “கடையில வாங்கினது ஆய்வு மாதிரி ஆகாதும்மா. எங்க வச்சிருந்தாங்க, வெயில்ல கிடந்துதா, போலியா, நமக்கு என்ன தெரியும்? முறைப்படி வந்ததைத்தான் நாம எடுத்துக்க முடியும்.”

“அப்ப ஜனங்க எங்க மேடம் வாங்குவாங்க?”

குத்தலாகக் கேட்கவில்லை, அதுதான் கொடுமை, முகவரி தெரிந்தால் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்கிற மாதிரி கேட்டாள். அன்று மாலையே கம்பெனி இயக்குநருக்குப் போன் செய்தேன், செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஒன்றுமே செய்யாதவள் இல்லை நான்… அவர் பதறவில்லை, “மேடம், நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா, புதுமைன்னா நாலு விரிசல் இருக்கத்தான் செய்யும்” என்றார். மண்டையிலயா சார் என்று கேட்டிருக்கலாம், ஆனால் அது எனக்குத் தோன்றியது மறுநாள் காலை பல் துலக்கும்போது, என் வீரமெல்லாம் எப்போதும் குளியலறையில்தான் வரும். போனை வைக்கும் முன், குரலைத் தணித்து, ஏதோ நலம் விசாரிப்பது போல, “உங்க ஸ்டூடண்ட் தீசிஸ் கொடுக்கறதுக்கு எங்க சம்மதக் கடிதம் வேணும்ல மேடம், ஃபங்ஷன் முடிஞ்ச கையோட கொடுத்துடறோம்” என்றார். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. “சரி மேடம்” என்றாள், பைக்குள் ஆறையும் திரும்ப அடுக்கினாள், பிளந்ததன் மேல் பிளந்தது. ஐந்து வருடமாக அவளைப் பயிற்றுவிக்கிறேன், அன்றைக்குத்தான் தேறினாள்.

கைதட்டல். அடடா, முடித்துவிட்டார். நிகழ்ச்சித் தொகுப்பாளர் என் பெயருக்கு முன்னால் இருக்கும் பட்டங்களை மூச்சு வாங்காமல் வாசிக்கிறார், கோப்பு திறக்கிறது, தாள் வழவழப்பாக இருக்கிறது. பேனா மூடியை மெதுவாகத் திருகுகிறேன், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, எதற்கு இந்தத் தாமதம், யாருக்காக… தெரிந்துவிட்டது, அவள் எழுந்து நிற்க வேண்டும் என்று காத்திருக்கிறேன். எழுந்திரு, அந்தக் கேள்வியைக் கேட்டுவிடு, ஆறில் நான்கு என்று இரைந்து சொல், சபை திரும்பிப் பார்க்கட்டும், நான் அதிர்ந்துபோன முகத்தை வைத்துக்கொண்டு, மாணவி பேசட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவேன், நாளைக்கு என்னை நேர்மையானவள் என்பார்கள், உன் தீசிஸ்தான் போகும்… இவ்வளவையும் அவளிடம் எதிர்பார்க்கிறேன், அவள் குனிந்து பைக்குள் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறாள். கையெழுத்துப் போட்டேன். நன்றாகவே வந்தது. எல்லோரும் தட்டினார்கள், அவளும் தட்டினாள், உள்ளங்கை ஒழுங்காகப் படிய.

அதோடு விட்டிருக்கலாம். இயக்குநர் மைக்கை வாங்கி, இந்த ஆய்வுக்காக ராப்பகலாக உழைத்த மாணவியை மேடைக்கு அழைக்கிறேன் என்றார், அவள் வந்தாள், தங்க நிறக் காகிதத்தில் சுற்றிய நினைவுப் பரிசை அவரே பிரித்துக் காட்டினார், ஹெல்மெட், வேறென்ன. அவள் அதைக் கவிழ்த்து உள்ளே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். “இது கடையில வர்றதா சார்?” என்றாள். மைக் அவர் கையில்தான் இருந்தது, அணைக்கவில்லை. “சேச்சே, உங்களுக்கெல்லாம் கடைச் சரக்கையா கொடுப்போம்? ஸ்பெஷலா செய்யச் சொன்னதும்மா இது.” சபை சிரித்தது, நல்ல மனதோடு, அந்த உபசரிப்பை மெச்சிச் சிரித்தது, துணைவேந்தர் தோள் குலுங்கச் சிரித்தார், என் உதடுகளும் விரிந்திருந்தன. அவள் “தேங்க்ஸ் சார்” என்றாள், கடிதத்தையும் வாங்கிக்கொண்டாள், என்னைக் கடந்து இறங்கிப் போனாள்.

எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், இரண்டு வருடத்துக்கு முன், இந்தக் கூட்டு தொடங்கிய அன்று. அந்த மாதம்தான் மகன் வேலைக்கு பைக்கில் போக ஆரம்பித்திருந்தான், “அம்மா, இதை நான் எடுத்துக்கறேன்” என்று கையை நீட்டினான், நான் வெடுக்கென்று பிடுங்கி, அது ஷோகேஸுக்குடா என்றேன். “தலையில போடறதை ஷோகேஸ்ல வச்சு எதைக் காப்பாத்தப் போற?” என்று கணவர் கேட்டார், அளவு சேராது என்றேன், அவர் இஞ்ச் டேப் எடுத்துவந்து மகன் தலையை அளந்து, சேரும் என்று நிரூபித்தார், அப்போதும் கொடுக்கவில்லை. அன்றைக்கு ஒரு சோதனைகூட நடந்திருக்கவில்லை, பிறகு என் கைக்கு என்ன தெரிந்திருந்தது? கம்பெனிகள் எப்படி என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் எனக்குத் தந்ததும் ஸ்பெஷலாகச் செய்ததுதானே, இரண்டு வருடமாக ஒரு கண்ணாடித் தட்டில் மூன்று கோப்பைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது, மகனுக்கு நான் மறுநாளே வேறொரு கம்பெனியுடையதை வாங்கிக் கொடுத்தேன், கடையில்தான், கடைக்காரர் மூன்று எடுத்துப் போட்டார், விவரம் தெரிந்தவளாயிற்றே, பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், வேறொரு பல்கலைக்கழகத்தின் முத்திரை இருந்தது, கீழே ஒரு பேராசிரியரின் பெயர், ஒரு கருத்தரங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர், மரியாதையான மனிதர், அவர் பெயரைப் பார்த்ததும் யோசிக்காமல் வாங்கினேன்… மணி ஐந்தேகால், மகன் வேலை முடிந்து வண்டியை எடுக்கும் நேரம், கைப்பைக்குள் போன் இருக்கிறது, குனிந்து எடுத்தால் எல்லோருக்கும் தெரியும், இன்னும் நன்றியுரை இருக்கிறது. பஸ்ஸில் வா என்று சொல்லலாம். சொன்னால் வருவான், இன்றைக்கு ஒரு நாள் வருவான்.