ஸ்டிக்கர் கிழியாத மெஷின்

கொட்டகலை கடைவீதியில் என் ஸ்டூடியோவில் முதலில் இருந்தது மூடியே போடாத ஒரு கம்ப்யூட்டர். ஆறு வருஷத்தில் அதன் மெமரி, பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நானே மாற்றினேன். எது கெட்டாலும் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கல்யாண வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்ததால், 2007இல் எல்லாம் திரைக்குள்ளேயே அடங்கிய புது மெஷினை வாங்கினேன். முதுகில் ஒரு ஸ்டிக்கர்: கிழித்தால் உத்தரவாதம் இல்லை.

தேர்த் திருவிழா அன்று, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் மீனம்மா அக்கா தன் மகள் பூரணியைப் படம் எடுக்கக் கூட்டி வந்தார்.

"தீவாளி அட்வான்ஸ் கெடைச்சதும் வந்து கழுவிக்கிறோம் மொதலாளி."

பிரிண்ட் போடக் கையில் காசு இல்லாதபோது தோட்டத்தில் எல்லோரும் சொல்வதுதான். படத்தை மெஷினில் ஏற்றிவிட்டு கேமராவில் அழித்தேன்.

புரட்டாசியில் மெஷின் நின்றுபோனது. அதே வாரம் பூரணியும் காய்ச்சலில் போய்விட்டாள். பதினாறு வயது. அடையாள அட்டைக்குக்கூடப் படம் எடுத்திருக்கவில்லை.

"கருமாதிக்கு வைக்க அது ஒன்னுதாங்க இருக்கு" என்றார் அக்கா.

கெட்டது பவர் சப்ளைதான். டிஸ்க் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்க்ரூடிரைவரை ஸ்டிக்கர் மேல் வைத்தேன். மனசு வரவில்லை. எடுத்துவிட்டேன்.

"கொழும்புக்கு அனுப்புறேங்க்கா. ரிப்பேர் பண்ணிக் குடுப்பாங்க."

கருமாதிக்கு முதல் நாள் வந்தது. பாலிதீன்கூடப் பிரிக்காத, புத்தம் புது மெஷின். அவர்கள் ரிப்பேர் செய்வதில்லையாம். கெட்டதை வாங்கிக்கொண்டு வேறு தருவார்களாம். போன் போட்டுக் கத்தினேன். பழையதை அப்போதே நொறுக்கிவிட்டார்களாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அன்று மாலை அக்கா வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய கண்ணாடிச் சட்டம், புதுசு. மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"புள்ள இதுக்குள்ளதான் இருக்காளா?"

"இல்லக்கா. இது வேற. அதத் தூக்கிப் போட்டுட்டாங்க."

பேப்பரைப் பிரித்து வெறும் சட்டத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இங்கயே அதத் தெறக்க முடியாமப் போச்சுங்களா?"

முடியவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"பத்து நிமிஷ வேலைக்கா. நாந்தான் தெறக்கல."

அக்கா என்னைத் திட்டவில்லை. சட்டத்தை மறுபடி பேப்பரில் சுற்றி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.