தவிடு போட்டுப் பார்த்த முளை

ஐம்பத்தைந்தாம் வருசம், முன்மாரி அறுவடை முடிந்து, சம்மாந்துறை அரிசி மில்லின் முற்றத்தில் நெல் மூட்டை ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது. காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்த கொல்லர் தங்கரத்தினம், சாக்குத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த மூன்று ஸ்பிரிங் முளைகளை, மில்லில் பெல்ட் மாற்றும் அபுல் ஹஸனுக்கு முன்னால் விரித்து வைத்தார்.

"நீயே பாத்து எடு, ஹஸன். உன்ட கைதானே புடிக்கப் போகுது."

நெல் குற்றும் மெஷினில் தவிடு அடைத்தால் எஞ்சினை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் திரும்பக் கிளப்புவதற்குள் பொழுது போய்விடும். கைபிடிக் கம்பியைத் தள்ளி, பெல்ட்டைப் பக்கத்தில் சும்மா சுற்றும் கப்பிக்கு மாற்றுவார்கள். கம்பி திரும்பி வராமல், அதிலுள்ள முளை இரும்புத் தகட்டின் துளைக்குள் விழுந்து பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் தவிடு அள்ளும் ஜுனைதா சல்லடைக்குக் கீழே கையை விட்டுத் தவிட்டைத் தோண்டுவாள். முளை நழுவினால் மெஷின் ஓடிவிடும்.

போன வருச முன்மாரியில் ஓடியது. அன்றைக்கு ஜுனைதா காய்ச்சலோடு வீட்டில் கிடந்தாள். கையை விட்டவன் அபுல் ஹஸன். வலக்கையில் இரண்டு விரல் போயிற்று. இனி இவன் மூட்டை தூக்கமாட்டான் என்று முதலாளி ஷரிபுதீன் அவனைக் கம்பியடியிலேயே விட்டு வைத்தார். அந்த இடமும் போனால் மில்லில் அவனுக்கு நிற்க இடமில்லை.

முதல் முளையின் ஸ்பிரிங் மெல்லிய கம்பி. ஒற்றை விரலுக்கே எழும்பியது. இரண்டாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது. மூன்றாவதை மூன்று விரலால் இழுத்துப் பார்த்தான். அது அசையவே இல்லை. இடக்கையால் இழுக்கவும் வழியில்லை. மெஷினைத் திரும்ப ஓட்ட, முளையை உயர்த்திப் பிடிக்கும்போதே அந்தக் கை கம்பியைத் தள்ள வேண்டும்.

"முதலாவதப் போடு," என்றார் முதலாளி. "போனமுற இவர்ட ஸ்பிரிங்தானே உன்ட விரலத் திண்டது. இந்தமுறயாவது சுகமானதா எடு."

தங்கரத்தினம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அபுல் ஹஸன் குனிந்து ஒரு பிடி தவிட்டை அள்ளினான். விளக்கடியில் போத்தலிலிருந்த தேங்காயெண்ணெயில் குழைத்துத் துளைக்குள் அப்பினான். முதல் முளையைப் பூட்டி, இழுத்து விட்டான். அது பாதியில் நின்றது. இரண்டாவது முக்கால்வாசி போனது. கம்பியை உலுப்பியதும் வெளியே வந்தது. மூன்றாவதை இடக்கையால் இழுத்து விட்டதும், அது தவிட்டை நசுக்கிக்கொண்டு அடிவரை இறங்கியது. உலுப்பியும் வரவில்லை.

"இதென்ன விளையாட்டு?" என்றார் முதலாளி.

"அண்டைக்கு இப்பிடித்தான் நடந்த, முதலாளி. முள இறுகுதெண்டு நான்தான் எண்ணெ விட்டன். தவிடு ஒட்டிக் களியாப் போச்சு. பாதிதான் விழுந்திருக்கு, நான் பாக்கல்ல." அவன் கொல்லரின் பக்கம் திரும்பினான். "ஸ்பிரிங்கில பிழ இல்ல, அண்ணன்."

தங்கரத்தினம் மற்ற இரண்டு முளைகளையும் சாக்குத் துண்டில் சுற்றினார். பிறகு, "ஒரு வருசமா அந்த ஸ்பிரிங்க நினைச்சு நித்திர கொள்ளாமக் கிடந்தன், ஹஸன்," என்றார்.



"சரி, மூணாவதத்தான் போடுற எண்டா ஆரு இழுக்கிற?" முதலாளியின் குரல் தணிந்திருந்தது. "உனக்கு ஏலாதே."

"எனக்கு ஏலாதுதான்."

ஜுனைதா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு தவிட்டுக் குவியலிலிருந்து எழும்பி வந்தாள். முளையின் தலையைப் பிடித்து உயர்த்தினாள். வந்தது. விட்டாள். விழுந்தது.

"பொம்புளயா பெல்ட் மாத்துற? ஊரு சிரிக்கும்."

"பன்னெண்டு வயசில இருந்து உலக்க புடிச்ச கை, முதலாளி. சிரிக்கிறவங்கள வந்து ஒருக்கா இழுத்துப் பாக்கச் சொல்லுங்க."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அப்ப தவிடு ஆரு எடுக்கிற?"

"நான் எடுக்கிறன்," என்றான் அபுல் ஹஸன். "தோண்டுறதுக்கு மூணு விரல் போதும்."

தங்கரத்தினம் துளையைத் துணியால் துடைத்து, மூன்றாவது முளையைப் பூட்டினார். எண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தன் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லச் சற்று முன்னர் மெஷின் அடைத்தது. ஜுனைதா கம்பியைத் தள்ளினாள். டக் என்று கேட்டது. அவள் குனிந்து துளையைப் பார்த்தாள். கம்பியை இரண்டு தரம் உலுப்பினாள்.

"விழுந்திட்டு, ஹஸன் காக்கா. கைய வைங்க."

சல்லடைக்குக் கீழே இருட்டாக இருந்தது. அந்த இடத்தை அவன் ஒரு வருசமாகக் குனிந்து பார்க்கவில்லை. பிஸ்மி சொல்லி, வெட்டுப்பட்ட கையை உள்ளே விட்டான். தவிடு சூடாக இருந்தது. தலைக்கு மேலே பெல்ட் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.