ஒரு வாரமா வலி

"ஒரு வாரமா நெஞ்சு வலி டாக்டர், ஒரு வாரமா!"

அவசரப் பிரிவின் வாசலில் தையல்காரி போட்ட அந்தக் கூச்சல் சுத்தப் பொய். புருஷனுக்கு வலி வந்ததே அன்று காலையில், மகள் வீட்டுக் குளியலறையில்தான். ஆனால் விரலை வெட்டிக்கொண்டவன், காதைப் பொத்திக்கொண்டவள், காய்ச்சல் குழந்தை என்று முன்னால் ஒரு பட்டாளமே உட்கார்ந்திருந்தது. 'இப்பத்தான் வலிக்குது' என்றால் டோக்கனைக் கையில் திணித்து உட்கார வைத்துவிடுவார்களே! கொஞ்சம் கூட்டிச் சொன்னாள். பலித்தது. ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது.

அந்தப் பொய் இப்போது திரும்பி வந்து அவள் கழுத்தைப் பிடித்திருந்தது.

"க்ளெய்ம் குடுக்க முடியாதும்மா." போனில் இன்சூரன்ஸ் அதிகாரியின் குரல் இஸ்திரி போட்டது போல் மடிப்புக் கலையாமல் இருந்தது. "நீங்க ஊர்லேர்ந்து கிளம்பி மூணு நாள்தான் ஆகுது. கேஸ் ஷீட்ல ஒரு வாரமா வலின்னு இருக்கு. அப்ப கிளம்புறதுக்கு முன்னாடியே நோய் இருந்திருக்கு. பயண பாலிசி, பயணத்துல புதுசா வர்றதுக்குத்தான்."

"ஐயா, அது நான் அடிச்சு விட்டதுங்க! சீக்கிரம் பாக்கணுமேன்னு..."

"மறுத்ததுக்கப்புறம் எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. டாக்டர் மாத்தி எழுதிக் குடுத்தா மறுபடி பாக்கலாம்."

மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "கம்பெனி ஒத்துக்கணும், இல்லேன்னா முழுச் செலவுக்கும் நாம கையெழுத்துப் போடணுமாம். அதுவரைக்கும் ஆபரேஷன் கிடையாதாம். உன் கடையை வித்தாலும் பத்தாதும்மா."

தையல்காரி பாதி கேட்கும்போதே ஓடிவிட்டாள், டாக்டரம்மாவின் அறைக்கு.

"பொய்யா?" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "ஏம்மா, விளையாட்டா இது? ஈசிஜியை மட்டும் வெச்சு எத்தனை நாள்னு சொல்ல முடியல. உங்க பேச்சை நம்பித்தான் ஆபரேஷன்னு முடிவு பண்ணினேன். இன்னிக்கு வந்த வலின்னா, அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி போதும்."

"ஊசியே போட்டுடுங்க தாயி!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பழைய வலிக்கு இந்த ஊசியைப் போட்டா உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து."

"இன்னிக்குக் காலையிலதான் டாக்டர். என் கண்ணு முன்னாடி."

டாக்டரம்மா அடித்துத் திருத்தி எழுதினாள். மகள் அதைப் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பினாள். தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திரையை விலக்கிக்கொண்டு கட்டிலருகே போனாள்.

ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய மனிதர், ஸ்டியரிங் இல்லாத கையை வயிற்றின் மேல் வைத்துப் படுத்திருந்தார். "என்ன டெய்லர் மேடம், முகமெல்லாம் பல்லா இருக்கு?"

அவள் நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

"பரண்லேர்ந்து பெட்டிய எறக்கினேன்ல... அன்னிக்கே புடிச்சுதுடி. வாயுன்னு நெனச்சேன். அப்புறம் விட்டு விட்டு வந்துக்கிட்டே இருந்துச்சு."

"என்னங்க சொல்றீங்க?"

"சொல்லியிருந்தா டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டிருப்ப. பேத்தி முகத்தப் பாக்கணும்னு வருஷம் பூரா மெஷின மிதிச்சவ நீ." மூச்சு இழுத்துக்கொண்டது. "சரியா ஒரு வாரம். ஒரு பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல உனக்கு."

அவள் கையிலிருந்த போன் அடித்தது.

"டாக்டர் எழுதினது வந்துடுச்சும்மா. ஒப்புதல் குடுத்துடலாம். இந்தப் பேச்சு பதிவாகுது. வலி எப்ப ஆரம்பிச்சதுன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க."

திரை விலகியது. நர்ஸ். தட்டில் ஊசி.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மகள், 'சொல்லும்மா, சொல்லு' என்று உதட்டை மட்டும் அசைத்தாள். ஒரு வார்த்தைதான். போனுக்கு ஒரு கதை, ஊசிக்கு ஒரு கதை என்று சொல்ல முடியாதா? நர்ஸ் பஞ்சால் அவர் கையைத் துடைத்தாள். ஊசி முனையில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

ஊசி தோலை நெருங்கியது.

"நிறுத்தும்மா!" தையல்காரி பாய்ந்து நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். "போடாத! அவருக்கு ஒரு வாரமா வலி! ஒரு வாரமா!"

போனில் மெதுவாக, "அம்மா... இது பதிவாயிடுச்சு."

"ஆகட்டும்யா."

கூச்சல் கேட்டு டாக்டரம்மா ஓடி வந்தாள். "இதுல எதும்மா நிஜம்?"

கட்டிலிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது. "நான் சொல்றேன் டாக்டர். ஒரு வாரம். இவளுக்கே இப்பத்தான் தெரியும்."

டாக்டரம்மா தட்டை வாங்கித் தள்ளி வைத்தாள். "தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க. செலவுக்கு யாரு பொறுப்பு?"

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள் தையல்காரி.

"அம்மா, கடை..." என்று இழுத்தாள் மகள்.

கோடு போட்ட மாதிரி நேராகத் தைக்கும் கையால் மூன்று எழுத்துப் பெயரைக் கிறுக்கினாள். பேனாவைப் போட்டுவிட்டு, நகர்ந்துவிட்ட ஸ்ட்ரெச்சரின் பின்னால் ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"வெளிய வாங்க. இருக்கு உங்களுக்குக் கச்சேரி."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவு மூடிக்கொண்டது.